கணக்கும் கல்லும்

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் என் விலாப்புறத்தே பொறுக்கவொண்ணாத வலி கண்டது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் தம் குறிப்பில் 'கால்குலஸ்' என்று எழுதித் தந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். நுண்கணிதத்தின் ஆங்கிலப் பெயர் என் சிறுநீரகத்துள் எவ்வாறு புகுந்தது? வலி தணிந்ததும் முதற்காரியமாக இலத்தீன் அகராதியைப் புரட்டினேன்.

அம்மொழியில் 'கால்க்ஸ்' என்பது சுண்ணாம்புக்கல். அதன் சிறுமைப்பொருள் தரும் வடிவமே 'கால்குலஸ்', அதாவது கூழாங்கல். உரோமானியர் கணக்குப் பலகையில் கற்களை நகர்த்தியே கூட்டினர், கழித்தனர். ஆகவே கல்லின் பெயர் கணக்குக்கும் ஆயிற்று. புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் பழகிய எனக்கு இதில் வியப்பில்லை. அக்கல் தீர்ப்பும் வழங்கியதுண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவனை விடுவிக்க வெள்ளைக் கல், தண்டிக்கக் கறுப்புக் கல் இடும் பழைய வழக்கத்தைக் கவிஞர் ஓவிட் குறிப்பிடுகிறார்.

1684இல் லைப்சிக் நகரத்து இதழொன்றில் லைப்னிட்ஸ் தம் புதிய முறையை வெளியிட்டார். அதனை ஒருவகைக் 'கால்குலஸ்' என்று தலைப்பிலேயே குறித்தார். அந்நாளில் அச்சொல் எவ்வகைக் கணக்கீட்டுக்கும் பொது. பின்னரே இம்முறைக்குச் சிறப்புப் பெயராயிற்று. நியூட்டனோ இக்கணிதத்தை 1665, 1666ஆம் ஆண்டுகளிலேயே கண்டிருந்தும் அச்சேற்றாமல் வைத்திருந்தார். அவர் இட்ட பெயர் 'பிளக்ஷன்'. பாய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்வழி வந்தது.

முதலிற் கண்டவர் யார் என்று பூசல் மூண்டது. 1712இல் இராயல் சொசைட்டி அமைத்த குழு நியூட்டன் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அச்சங்கத்தின் தலைவர் நியூட்டன். அறிக்கையை வரைந்ததிலும் அவர் கை இருந்தது. இது நேர்மை என்று என் மாணவர்க்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்று அறிஞர் கொள்கை. நிலைத்த பெயர் லைப்னிட்ஸினுடையது.

மருத்துவர்கள் கல்லைக் கல்லாகவே வைத்துக்கொண்டனர். பற்காரையும் அவர்களுக்குக் 'கால்குலஸ்' தான். சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவற்றில் கால்சியம் உண்டு. 1808இல் டேவி பிரித்தெடுத்த அத்தனிமத்தின் பெயரும் அதே 'கால்க்ஸ்' வழி வந்ததே.

1727 மார்ச்சு மாதம், 84 வயதில், நியூட்டன் கடும் வலியுற்றார். சிறுநீர்ப்பையில் கல் என்றனர் மருத்துவர். அம்மாதமே அவர் மறைந்தார். தம் கணிதத்துக்கு அவர் இடாத பெயர் அவர்தம் நோய்க்கு வாய்த்தது.

என் கல் கடுகளவுதான், தானே வெளியேறிவிட்டது. அதனை ஒரு சிமிழில் இட்டு, பழைய கணக்குப் புத்தகங்களின் அருகே வைத்திருக்கிறேன்.