14 அணாக் கணக்கு: மது வருவாயும் சேரிக்குத் திரும்பாத பணமும்



1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டாக்டர் அம்பேத்கர் இரண்டு காரியங்கள் செய்தார். 20ஆம் தேதி மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிப் பருகினார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, பம்பாய் மாகாண சட்டசபையில் கல்வி மானியத்தின் மீது பேசும்போது ஒரு கணக்கைச் சொன்னார். அரசு கல்விக்காகத் தலைக்குச் செலவிடுவது 14 அணா. அதே மக்களிடமிருந்து ஆயத்தீர்வையாக எடுப்பது தலைக்கு 2 ரூபாய் 2 அணா 9 பை. குடிமூலம் எடுத்த அளவுக்காவது கல்விக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்.

மகாடு குளத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்தக் கணக்கை மறந்துவிட்டோம். இந்த நினைவுச் சொற்பொழிவில் அதை மறுபடி எடுத்து வைக்கக் காரணம் உண்டு. நம் அமைப்புகளில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சுவரெழுத்து எழுதியவர்கள், வன்கொடுமை வழக்குகளுக்கு நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்தவர்கள், நாற்பது வயதைத் தாண்டாமல் போயிருக்கிறார்கள். ஈரல் கெட்டுப் போனார்கள். இரங்கல் துண்டறிக்கைகளில் நாம் 'உடல்நலக் குறைவால்' என்று அச்சிட்டோம். காரணத்தை எழுதினால், 'அவங்க குடிகாரங்கதானே' என்று காத்திருக்கும் வாய்களுக்கு அவல் கொடுத்ததாகும் என்று பயந்தோம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். குடி எந்தச் சாதியின் குணமும் அல்ல. எல்லாத் தெருவிலும் குடிக்கிறார்கள். குடித்தவன் எங்கே விழுகிறான், விழுந்தவனை எடுக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் சாதி இருக்கிறது.

நம் மாகாணத்தின் கதைக்கு வருவோம். 1886இல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் கள் இறக்குவதும் சாராயம் காய்ச்சுவதும் குற்றமாயின. கடைகள் ஏலம் போயின. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க வேண்டும். அதற்குக் குடி வளர வேண்டும். 1921இல் இரட்டையாட்சி வந்தபோது கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவற்றோடு ஆயத்தீர்வையையும் சேர்த்து மாகாண அமைச்சர்களின் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வேண்டுமானால் கள்ளுக்கடை வேண்டும் என்ற முடிச்சு அப்போதே விழுந்தது. அம்பேத்கர் தொட்டது அந்த முடிச்சைத்தான்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழக்கும் வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ஓமந்தூரார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. வசதி உள்ளவர் டாக்டர் சான்றிதழ் காட்டி 'பெர்மிட்' வாங்கிக்கொண்டார். கூலிக்காரர் போலீஸ் வண்டியில் ஏறினார். ஒரே பானம் பங்களாவில் மருந்து, சேரியில் குற்றம். 1971 ஆகஸ்டில் தடை நீங்கியது. 1974இல் மூடினார்கள். 1981இல் திறந்தார்கள். 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. மதுவிலக்குக்கு ஈடாக வந்த விற்பனை வரி, மதுவிலக்கு போன பிறகும் போகவில்லை.

இந்த வரலாற்றைத் திறப்பு, மூடல் என்ற இரண்டு சொற்களில்தான் படித்திருக்கிறோம். திறந்திருந்த காலத்தில் குடிப்பவர் வருவாய்; மூடியிருந்த காலத்தில் குற்றவாளி. இரண்டு காலத்திலும் அவர் நோயாளி அல்ல. நம் மாநிலத்தில் ஒரே துறைக்கு 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் தடையும் இருக்கிறது, வரவும் இருக்கிறது. சிகிச்சை இல்லை.

நம் முன்னோர் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். அயோத்திதாசர் பௌத்தத்தை மீட்டெடுத்தபோது பஞ்சசீலமும் கூடவே வந்தது. அதன் ஐந்தாவது சீலம் போதையைத் தவிர்ப்பது. இரட்டைமலை சீனிவாசன் சட்டசபைக்குள் மதுவிலக்குக்குக் குரல் கொடுத்தார். 1956 அக்டோபரில் நாக்பூரில் அம்பேத்கர் செய்வித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. சுயமரியாதை உள்ள மனிதனின் தெளிந்த அறிவை அவர்கள் கேட்டார்கள். ஆனால் உறுதிமொழி எடுக்கவே கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டவரை என்ன செய்வது? அந்தக் கேள்வியை அவர்கள் நம்மிடம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஊரில் இப்போது என்ன செய்கிறார்கள்? கோயிலில் கயிறு கட்டிவிடுகிறார்கள். சபரிமலைக்கு மாலை போடச் சொல்கிறார்கள். சிலர் அதில் தப்பிக்கிறார்கள். ஆனால் பல ஆண்டு, நாள்தோறும் குடித்த உடம்பு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அந்த நாட்களுக்கு மருத்துவம் வேண்டும். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் பேச்சுத்துணை வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில், மகளிர் குழுக் கடனை எடுத்துத் தனியார் மையத்தில் கட்டுகிறார்கள். திரும்பி வந்தவர் அதே கடை வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். கடன் தீர்வதற்குள் குடி திரும்புகிறது.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் சிக்கலுக்கு ஆளாகி உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்தான்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லாதீர்கள். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அந்தப் பத்தாண்டின் இறுதியில் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்த ஆரம்பித்தது. உள்ளூர் அமைப்பு இடம் கொடுத்தது. மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்கே வந்தார்கள். சுமார் 15 நாள் ஊரிலேயே தங்கிச் சிகிச்சை, குடும்பத்தோடு பேச்சு, பிறகு தொடர்ச்சியான கவனிப்பு. இதற்குப் பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. நின்று நடத்தும் பணமும், திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும் ஆளும் தேவைப்பட்டன. தொண்டு நிறுவனம் செய்தால் அது ஒரு ஊருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஊராட்சி செய்தால் அது எல்லா ஊருக்கும் உரிமை.

ஆனால் ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மதுவையும் அதன் தீர்வையையும் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டது. 73ஆவது திருத்தம் கொண்டுவந்த பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெண்கள் குழந்தைகள் நலம் இருக்கிறது, பட்டியல் சாதியினர் நலம் இருக்கிறது. சாராயத்தின் விளைவுகள் அத்தனையும் ஊராட்சியின் பட்டியலில். சாராயப் பணம் மட்டும் கோட்டையில். 1996இன் பெசா சட்டம் போதைப்பொருளைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஊராட்சிக்கும் கிராமசபைக்கும் தருகிறது. அது ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை.

கிராமசபை கூடும் நாட்களில் நான்கைப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கு நாளும் டாஸ்மாக் கடைக்கு விடுமுறை. பூட்டிய கடைக்கு எதிரில் உட்கார்ந்து, கடையை மூடு என்று நம் பெண்கள் தீர்மானம் போடுகிறார்கள். தீர்மானம் நோட்டில் ஏறுகிறது. மறுநாள் பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறது.

அம்பேத்கர் போட்ட கணக்கை இன்றைக்குப் போடுவோம். 2003-04இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 3,639 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. மாநிலத்தின் மக்கள்தொகையால் வகுத்தால், குழந்தைகளையும் சேர்த்துத் தலைக்கு 6,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இதில் 1 விழுக்காடு 483 கோடி. பாதியை நகரங்களுக்கு விட்டுவிட்டு மீதியை 388 ஊராட்சி ஒன்றியங்களுக்குப் பிரித்தால், ஒன்றியத்துக்கு ஆண்டுக்கு 62 லட்சம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில படுக்கை, ஆலோசகர்கள், வீடு தேடிப் போகும் களப்பணியாளர்கள், ஆண்டுக்குச் சில முகாம்கள், காலனியில் மாலைநேரப் படிப்பகம் என்று தொடங்க இது போதும். ஊருக்கென்று வருவாயை ஒதுக்குவது நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. சினிமா டிக்கெட்டின் கேளிக்கை வரியில் பெரும்பங்கு உள்ளாட்சிக்கு வந்தது. பத்திரப் பதிவில் கூடுதல் தீர்வை வருகிறது. பாட்டில் பணம் மட்டும் வந்ததில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்க் கூலிகள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன அதே நேட்டாலில், 1908இல் ஒரு சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர்களுக்குப் பீர் விற்கும் ஏகபோகத்தை நகராட்சியே வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. டர்பன் நகராட்சி அதைச் செய்தது. அந்த லாபத்தில் கறுப்பினத் தொழிலாளர் அடைபட்டுக் கிடந்த விடுதிகளையும் அவர்களை மேய்க்கும் நிர்வாகத்தையும் நடத்தியது. குடிப்பவர் காசிலேயே அவரை அடக்கும் ஏற்பாடு. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் தடியோடு பீர்க்கூடத்துக்குள் புகுந்து ஆண்களை விரட்டினார்கள். விற்பனை ஏற ஏற உள்ளாட்சிக்குப் பணம் ஏறும் என்றால், நம் ஊராட்சியும் இன்னொரு டர்பன் ஆகிவிடும்.

ஆகவே நம் கோரிக்கையில் நான்கு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, தொகையை விற்பனையை வைத்து ஏற்றக்கூடாது. சிகிச்சை தேவைப்படுவோர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்க வேண்டும். இரண்டு, கடையை மூடினாலும் பணம் நிற்கக் கூடாது. கடையோடு நோய் மூடிக்கொள்வதில்லை. மூன்று, இது தனிக் கணக்கில் இருக்க வேண்டும், கிராமசபையில் வரவு செலவைப் படிக்க வேண்டும். சாலைக்கும் விளக்குக்கும் திருப்பக் கூடாது. நான்கு, ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியை எடுத்து இதில் போட்டுக் கணக்குக் காட்டக் கூடாது. அது நம் பங்கு; இது நம்மிடமிருந்து எடுத்ததன் பங்கு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள், பட்டியல் சாதியினரே மிகுதி. அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாண்டவருக்கு 10 லட்சம் ஒதுக்க முடிகிற அரசு, அவர் உயிரோடு இருந்தபோது ஒரு ஆலோசகரை அவர் தெருவுக்கு அனுப்பியதா என்று நாம் கேட்க வேண்டும். கடையை மூடச் சொல்லும் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. மூடும் நாள் வரைக்கும், மூடிய பிறகும், பிழைத்திருக்க வேண்டியவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். அடுத்த கிராமசபைக்கு ஒரு தாளோடு போங்கள். உங்கள் ஊரில் குடியால் இறந்தவர்கள் எத்தனை பேர், சிகிச்சைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதற்கு வாங்கிய கடன் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். கடையை மூடு என்ற தீர்மானத்துக்குக் கீழே, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று இன்னொரு தீர்மானத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இனி நம் இரங்கல் அறிக்கைகளில் 'உடல்நலக் குறைவால்' என்று எழுத வேண்டாம்.

ஜெய்பீம்.