மருந்துக்கடை மேசையில் கேட்கப்படும் கேள்விகள்: தமிழ்நாட்டில் கருத்தடை மாத்திரையும் பெண்ணின் அந்தரங்கமும்

கருத்தடை மாத்திரை வாங்க மருத்துவரின் சீட்டு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புகிறார்கள். மருந்துக்கடைக்காரர்களிலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில், சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளை எச் அட்டவணை பட்டியலிடுகிறது. எத்தினைல் ஈஸ்ட்ரடையாலும் சென்ட்குரோமானும் அதில் உண்டு. ஆனால் அதே விதிகளின் கே அட்டவணை குறிப்பிட்ட சில அளவுகளுக்கு விலக்குத் தருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மி.கி. சேர்ந்த மாத்திரையும், சென்ட்குரோமான் 30 மி.கி. மாத்திரையும் அந்த விலக்கில் வருகின்றன. முதலாவது, அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என். இரண்டாவது, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, சகேலி என்ற பெயரில் 1991இல் விற்பனைக்கு வந்து, பின்னாளில் சாயா என்ற பெயரில் அரசின் குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்தது. அவசரக் கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2005இலேயே வழி திறந்துவிட்டது. இந்தச் சலுகைகள் பறிபோகப் போகின்றன என்று 2024இல் செய்தி பரவியபோது, விதிகளில் மாற்றமேதும் இல்லை என்று மத்திய அரசு விளக்கமளித்தது.

ஆகவே மருத்துவரைப் பார்க்காமல் இந்த மாத்திரைகளை வாங்கலாமா என்பது இங்கே ஏற்கெனவே முடிவான விஷயம். முடிவாகாமல் கிடப்பது, வாங்க வரும் பெண் மருந்துக்கடை மேசையின் முன் எப்படி நடத்தப்படுகிறாள் என்பதுதான். அந்த மேசையில் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படுவதில்லை. கேட்கக் கூடாதவை கேட்கப்படுகின்றன. இதை ஒழுக்கம் பற்றிய சச்சரவாக மட்டும் பார்ப்பது போதாது என்பதும், மருந்துப் பாதுகாப்பில் உள்ள ஓட்டையாகவே பார்க்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாலை நேரக் கூட்டத்தில் ஒரு மருந்துக்கடை. இருமல் மருந்துக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நிற்பவர்களுக்கு நடுவே ஓர் இளம்பெண் தாழ்ந்த குரலில் மாத்திரையின் பெயரைச் சொல்கிறாள். ‘யாருக்கும்மா?’ என்கிறார் கடைக்காரர். அடுத்து, ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் வரும் பதில் மாத்திரையின் பாதுகாப்பைப் பற்றி எதையும் சொல்லாது. உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சிலருக்கு ரத்தக்கட்டு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ஆகவே ரத்தக்கொதிப்பு உண்டா, கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உண்டா, வயது முப்பத்தைந்தைத் தாண்டிப் புகைக்கும் பழக்கம் உண்டா, குழந்தை பிறந்து எத்தனை வாரம் ஆகிறது, காலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டா என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? காசநோய்ச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கருத்தடை ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாலும் பலன் குறையும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் ஆகியவையும் அப்படியே. இந்தக் கேள்விகளில் எதற்கும் தாலி சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைத் துளைத்தெடுத்து அனுப்புகிற கடைக்காரர், அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

அவசரக் கருத்தடை மாத்திரையின் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் அது இருப்பில் இருப்பதே இல்லை. தடை எதுவும் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எதற்கு வம்பு என்று கடைகள் வாங்கி வைப்பதில்லை. பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய, ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பலன் குறைகிற மருந்துக்கு இந்த ஏற்பாடு எப்படிப் போதும்? இந்த மாத்திரையைக் கருக்கலைப்பு மருந்தோடு குழப்பிக்கொள்வதும் ஒரு காரணம். மிஃபெப்ரிஸ்டோன் கருவைக் கலைக்கும். அதற்கு மருத்துவர் வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது; தரித்துவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. இந்த வேறுபாடு மருந்தியல் பட்டயப் படிப்பில் வருவதுதான், கடை மேசைக்கு வரும்போது எங்கோ தொலைந்துவிடுகிறது.

ஏன் இப்படி? தமிழ்நாட்டின் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சையை நம்பியே வளர்ந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை பயன்படுத்துவோர் ஒரு விழுக்காடுகூட இல்லை. இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, ஆபரேஷன் முடிந்தது என்பதே வழக்கமாகிவிட்ட இடத்தில், பிள்ளை பெறும் முன்போ மணமாகும் முன்போ கருத்தடை தேடும் பெண்ணுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. இத்தனைக்கும் இதே மண்ணில்தான் பெரியார், நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காட்டிக் கருத்தடையை ஆதரித்தவர்களிடமிருந்து விலகி நின்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று தம் குடிஅரசு இதழின் காலத்திலேயே வாதிட்டார். அரசு எடுத்துக்கொண்டது முன்னவர்களின் காரணத்தை. எண்ணிக்கையில் அது வென்றது என்பதை மறுக்க முடியாது. பெண் தானே முடிவெடுத்துத் தானே வாங்கும் முறை மட்டும் வேரூன்றவில்லை.

மருத்துவரின் மேற்பார்வை இல்லாவிட்டால் பெண்கள் தவறாகச் சாப்பிடுவார்கள், பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது நியாயமான அச்சம். அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க–மெக்சிகோ எல்லை ஒரு வாய்ப்பைத் தந்தது. டெக்சாஸின் எல் பாசோ நகரப் பெண்களில் ஒரு பகுதியினர் உள்ளூர் மருத்துவமனைகளில் மாத்திரை வாங்கினர். மற்றவர்கள் பாலத்தைக் கடந்து சியுடாட் ஹுவாரெஸ் மருந்துக்கடைகளில் சீட்டின்றி வாங்கினர். இரு தரப்பையும் ஒன்பது மாதம் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்கள் கடையில் வாங்கியவர்களைவிட மருத்துவமனையில் வாங்கியவர்களிடையே அதிகம். பிரிட்டன் 2021இல் புரோஜெஸ்டோஜன் மட்டுமே உள்ள டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை, மருந்தாளுநர் கலந்துபேசித் தரும் பட்டியலுக்கு மாற்றியது. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவிலுள்ள 17 உறுப்பினர்களும் ஒருமனதாகப் பரிந்துரைத்தபின், 2023 ஜூலையில் நார்ஜெஸ்ட்ரல் மாத்திரைக்குச் சீட்டில்லா விற்பனை அனுமதி கிடைத்தது. பிரிட்டனின் முறையே நமக்கு ஏற்றது என்பேன். அங்கே மருத்துவர் விலகிய இடத்தில் உரையாடல் விலகவில்லை.

இணையத்தில் வாங்கிக்கொண்டால் போயிற்று என்பவர்கள் நம் வீடுகளை மறந்துவிடுகிறார்கள். பொட்டலத்தை வாசலில் வாங்குவது மாமியாராக இருக்கலாம். பணம் போன குறுஞ்செய்தி அப்பாவின் கைபேசிக்குப் போகலாம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் விஷயத்தில் கடைக்காரர்களின் தயக்கத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. சிறார்மீதான பாலியல் குற்றங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் விதிக்கும் கடமை அவர்களை அச்சுறுத்துகிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தைக் காவல்துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று மருத்துவர்களுக்கு வழிவிட்டது. மருந்தாளுநருக்கு அத்தீர்ப்பு நேரடியாக எதையும் சொல்லவில்லை. இதை அரசு தெளிவுபடுத்த வேண்டும். ஆனால் இந்தத் தயக்கத்தைக் காட்டி இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. 2017இல் புட்டசாமி வழக்கின் தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியது. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மேலே சொன்ன மருத்துவக் கேள்விகளை எளிய தமிழில் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால், பெண் வாய்திறக்காமல் விரலால் சுட்டியே பதில் சொல்லிவிடலாம். மாத்திரையின் பெயரும் அதே அட்டையில் இருக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இன்று பல கடைகளில் மேசைமேலேயே இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அதே கருவியோடு ஊழியர்கள் வீடுவீடாகவும் போகிறார்கள். தனியார் கடைகளை வற்புறுத்துவது கடினம் என்றால், 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலிருந்து தொடங்கலாம். அவசரக் கருத்தடை மாத்திரையை ஒவ்வொரு மருந்தகமும் கட்டாயம் இருப்பில் வைக்க வேண்டும், வாங்குபவரிடம் திருமண நிலையைக் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். அரசே விற்கிறது என்று தெரிந்துவிட்டால், வம்புக்குப் பயந்த தனியார் கடைக்காரருக்கும் சொல்லச் சாக்கு இருக்காது.