போக்காடு

போக்காடு என்பது இசுரயேல் மக்களின் பாவங்களைச் சுமந்து செல்வதாகக் கருதிப் பாலைநிலத்தில் விடப்பட்ட வெள்ளாட்டுக்கடா ஆகும். விவிலியத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரம் இச்சடங்கை விவரிக்கிறது.

விவிலியத்தில்

ஆரோனின் மகன்களான நாதாப், அபியூ இருவரும் கட்டளையிடப்படாத நெருப்புடன் இறைமுன் சென்று மாண்டனர். அதன் பின்னரே இச்சடங்கு விதிக்கப்பட்டது. இறைவனின் தூய்மைக்கு முன் பாவத்துடன் வருபவர் தீர்ப்புக்கு உள்ளாவர் என்பதே இதன் அடிப்படை. எனவே தலைமைக் குரு ஆண்டுக்கு ஒருநாள் மட்டுமே மகா பரிசுத்த இடத்தினுள் நுழைந்தார். இரு கடாக்களுக்குச் சீட்டுப்போட்டு ஒன்று பலியிடப்பட்டது. மற்றதன் தலைமீது அவர் கைகளை வைத்துப் பாவங்களை அறிக்கையிட்டபின், அது பாலைநிலத்துக்கு அனுப்பப்பட்டது.

நீலகிரியில்

படகர் சமூகத்தின் ஈமச்சடங்கில் இதற்கு ஒப்பான வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பதிவாகியுள்ளது. சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் நூலில் இச்சடங்குப் பாடல் இடம்பெற்றுள்ளது. எல்லைக்கல்லை நகர்த்தியது, பாம்பைக் கொன்றது போன்ற பாவங்களை முதியவர் ஒருவர் வரிசையாகக் கூற, கூடியிருப்போர் அது பாவம் என்பர். அவை எருமைக்கன்று ஒன்றின்மேல் ஏற்றப்பட்டு, கன்று அவிழ்த்து விடப்படும். அதனைப் பின்னர் எவரும் வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. இறந்தவர் மறுமையில் நூல் பாலத்தைக் கடக்கவும் வேண்டுவர்.

வேறுபாடு

போக்காடு வாழும் மக்கள் அனைவருக்காகவும் ஆண்டுதோறும் விடப்பட்டது. படகர் சடங்கோ இறந்த ஒருவருக்காகச் செய்யப்பட்டது.