கொல்லைச் செடியும் பேரரசுச் சட்டமும்: வீட்டுக் கஞ்சா வளர்ப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கஞ்சாவின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வயலையும் வணிகத்தையும் வரியையுமே பொருளாகக் கொண்டனர். வீட்டுக் கொல்லையில் இரண்டோ மூன்றோ விதையை ஊன்றி வளர்த்த செடி அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்சியாளர்க்குத் தீராச் சிக்கலாக விளங்கியது அக்கொல்லைச் செடியே எனலாம். வயலை அளந்து வரி விதிக்கலாம். கொல்லைக்குள் நுழைவதாயின் வீட்டுக்குள் நுழைய வேண்டும். சட்டம் அந்த வாயிற்படியை எவ்வாறு அணுகியது என்பதை இந்தியாவையும் நேட்டாலையும் ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1893இல் பிரித்தானிய மக்களவையில் எழுந்த வினாவைத் தொடர்ந்து இந்திய அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. மெக்வொர்த் யங் தலைமையில் எழுவர் அதில் அமர்ந்தனர். அவர்களுள் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளிடம் கருத்துப் பெற்று, 1894இல் அவர்கள் அளித்த அறிக்கை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அளவான பயன்பாட்டினால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத் தடை தேவையற்றது என்றும் அக்குழு முடிவு கூறியது. இம்முடிவையே பலரும் எடுத்துக்காட்டுவர். அதனோடு சேர்ந்த பரிந்துரை அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. உரிமம் பெற்றோர் மட்டுமே பயிரிட வேண்டும்; அப்பயிரும் ஓரிடத்தில் குவிக்கப்பட வேண்டும்; தனியொருவர் வைத்திருக்கத்தக்க அளவுக்கும் வரம்பு வேண்டும் என்பன அப்பரிந்துரையின் கூறுகள். புகைப்பதற்குத் தடையில்லை, தானே விளைவித்துப் புகைப்பதற்கு இடமில்லை என்பதே இதன் பொருள்.

இதற்கு முன்மாதிரியாக அமைந்தது வங்காளத்தின் ராஜசாகி மாவட்டத்தைச் சார்ந்த நவகாவ் பகுதி. அங்கு நிலவிய முறையை ஹேம் சந்திர கெர் 1877ஆம் ஆண்டிலேயே விரிவாகப் பதிவு செய்திருந்தார். நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி நட்டு, பூக்கும் பருவம் நெருங்கும்போது ஆண் செடிகளைக் களைந்தெறிவர். கஞ்சா, ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக வளரும் இனம். மகரந்தம் சேர்ந்துவிட்டால் பெண் செடி விதை பிடிக்கும், பிசின் குறையும். ஆகவே பூ விரியுமுன் ஆணை இனங்காண்பதே இத்தொழிலின் உயிர்நாடி. அதற்கெனப் போத்தார் என அழைக்கப்பட்ட வல்லுநர் இருந்தார். ஆங்கில அதிகாரிகள் அவரைக் கஞ்சா மருத்துவர் என்றனர். எழுத்தில் அமையாத, கண்ணால் பழகிய அறிவு அவருடையது. அரசின் வருவாய் இத்தகைய கண்களை நம்பியிருந்தது என்பது சிறிது வியப்பிற்குரியதே.

கொல்லைச் செடிக்குப் போத்தார் இல்லை. அங்கு ஆணும் பெண்ணும் கலந்து நிற்கும். விளைவது விதை மிகுந்த, வீரியம் குன்றிய சரக்கு. சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்திலும் வட ஆர்க்காட்டின் சவ்வாது மலையிலும் கஞ்சா பயிரிடப்பட்டது. பிற இடங்களில் ஆங்காங்கே வீட்டையொட்டிச் சில செடிகள் வளர்க்கப்பட்டன. புகைப்பதற்கு மட்டுமன்றி மாட்டு வைத்தியத்திற்கும் நாட்டு மருந்திற்கும் அது பயன்பட்டது. வணிக நோக்கில் அதற்கு மதிப்பில்லை. அது சந்தைக்கே வராதது; வராத காரணத்தால் கணக்கிலும் வராதது. உரிம முறை அத்தகைய செடியையும் சட்டத்திற்குப் புறம்பாக்கியது. ஒழுக்கத்தைக் காரணங்காட்டி முழுத் தடையை மறுத்த அறிக்கை, வருவாயின் பொருட்டுக் கொல்லையை மூட வழிவகுத்தது என்பதே என் கருத்து.

இனி நேட்டாலை நோக்குவோம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. மலாயாவிற்குச் சஞ்சிக்கூலிகளாக வந்தோரைப் போலவே அவர்களும் கரும்புத் தோட்டங்களுக்கே சென்றனர். பத்தாண்டுகள் கழித்து, 1870ஆம் ஆண்டின் கூலிகள் சட்டம், இந்தியத் தொழிலாளர் கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் புகைப்பதையும் பயன்படுத்துவதையும் வைத்திருப்பதையும், அவர்களுக்கு அதனை விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் வருமுன்னரே டக்கா எனும் பெயரில் அச்செடி வழங்கி வந்தது. எனினும் இச்சட்டம் குறிவைத்தது கூலிகளையே. 1885இல் அமைக்கப்பட்ட ராக் ஆணைக்குழுவும் இந்தியரின் கஞ்சாப் பழக்கத்தைத் தனித்தெடுத்து ஆராய்ந்தது.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியபோது சட்டத்திற்கு உட்பட்டிருந்த ஒருவரின் பழக்கம் டர்பனில் இறங்கியபோது குற்றமாயிற்று. பேரரசு ஒன்றே, செடியும் ஒன்றே. மாறியது அவருடைய நிலை: ஊரில் அவர் வரி செலுத்தும் நுகர்வோர், தோட்டத்தில் அவர் உழைப்புக் கருவி. நேட்டாலின் சட்டம் உழைப்பு நேரத்தைக் காத்தது. இந்தியச் சட்டம் கருவூலத்தைக் காத்தது. நம் வட்டாரம் இந்தியாவின் வழியையே ஒத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரில் ஏலம் விடப்பட்ட வரிக்குத்தகைகளுள் கள்ளும் பாங்கும் இடம்பெற்றிருந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேறுபாடு மங்கியது. 1923இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் கஞ்சாவையும் கொடிய போதைப்பொருளாக ஏற்குமாறு உலக நாடுகளின் சங்கத்தை வேண்டியது. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அதனைத் தன் வரம்பிற்குள் கொணர்ந்தது. 1961ஆம் ஆண்டின் உடன்படிக்கை அதனை மேலும் இறுக்கியது. மலாயாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த மலேசியச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் செடியை வளர்ப்பதையே தனிக் குற்றமாக வகுத்துள்ளன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் பூங்கொத்தோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சாவின் வரையறையிலிருந்து விலக்கியது. ஆனால் உரிமமின்றிச் செடி வளர்ப்பதைத் தடுத்தது. விதை குற்றமன்று, அதனை ஊன்றுவதே குற்றம். நவகாவ் வயல்களிலும் 1987இல் பயிர் நிறுத்தப்பட்டது.

தடை இறுகியபோது மேலை நாடுகளில் செடி கொல்லையிலிருந்து அறைக்குள் புகுந்தது. இரவின் நீளத்தை உணர்ந்து பூக்கும் செடியாதலின், விளக்கை ஏற்றியும் அணைத்தும் அதன் பருவத்தை அறைக்குள்ளேயே மாற்றிவிட முடிந்தது. போத்தாரின் வேலையை ஒவ்வொருவரும் தாமே கற்க வேண்டியதாயிற்று. சட்டத்திற்கும் வாயிற்படிக்கும் இடையிலான பழைய சிக்கல் இதனால் இன்னும் கூர்மையடைந்தது.

அச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது, பொருத்தமாகவே, தென்னாப்பிரிக்கா. 2017இல் மேற்கு கேப் உயர்நீதிமன்றம், வயது வந்தோர் தம் வீட்டில் தம் பயன்பாட்டிற்காகக் கஞ்சா வளர்ப்பதைத் தண்டிப்பது தனிமனித அந்தரங்க உரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 18ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. நீதிபதி ரேமண்ட் சோண்டோ எழுதிய தீர்ப்பு வீடு என்னும் வரம்பையும் நீக்கி, அந்தரங்கமான இடம் எதுவாயினும் போதும் என விரித்தது. அதற்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் 2024 மே மாதம் கையொப்பமிட்டார். 1870ஆம் ஆண்டுச் சட்டம் கூலி லைன்களில் வாழ்ந்த தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் ஏனைய இந்தியர்க்கும் அந்தரங்கம் என ஒன்று உண்டு என்பதையே கருத்திற் கொள்ளவில்லை.