திருச்சிக்கு மேலே ஓட்டை இல்லை: ஓசோன் சிதைவில் காவிரிக்கரையின் பங்கு

சித்திரை பிறந்தால் திருச்சியில் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது, அதனால்தான் வெயில் இப்படிக் கொளுத்துகிறது. இதில் இரண்டு பிழைகள். ஓசோன் வடிகட்டுவது புற ஊதாக் கதிரைத்தான், வெயிலின் சூட்டை அல்ல. ஓட்டையோ அண்டார்க்டிகாவுக்கு மேலே இருக்கிறது. ஆனால், நமக்கு இதில் பங்கில்லை என்று ஒதுங்குவது இவற்றைவிடப் பெரிய பிழை. திருச்சி, ஸ்ரீரங்கம் போன்ற ஊர்கள் ஓசோன் சிதைவின் விளைவைவிட அதன் காரணத்துக்கே நெருக்கமானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

விளைவை முதலில் பார்ப்போம். திருச்சியிலிருந்து அட்சரேகையில் ஏறக்குறைய அரை பாகையே விலகியுள்ள கொடைக்கானலில், 1957இல் டாப்சன் கருவியால் ஓசோனை அளக்கத் தொடங்கினார்கள். நம் வானில் மொத்த ஓசோன் சுமார் 250 முதல் 280 டாப்சன் அலகு. வட ஐரோப்பாவில் வசந்த காலத்தில் அது 350ஐத் தாண்டும். இந்தக் குறைவு இயற்கையானது. ஓசோன் மிகுதியாக உருவாவது வெப்பமண்டலத்தின் மேல்வானில்தான். மெல்ல மேலெழும் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கிக் கொண்டுபோய்விடுகிறது. துருவத்தில் நேர்ந்ததைப் போன்ற சரிவு வெப்பமண்டலத்தின் மொத்த ஓசோனில் காணப்படவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேருக்கு வடம் பிடிப்பவரும், லால்குடி வயலில் நாற்று நடுபவரும் வாங்கும் புற ஊதாக் கதிர் அவர்களின் பாட்டன் பாட்டி வாங்கியதுதான். கண்புரைக்கு அது ஒரு காரணம்; தொப்பியும் குடையும் தேவை. அதன் பழியை ஓசோன் ஓட்டையின் மேல் போடுவதற்குச் சான்றில்லை.

காரணத்தின் கதை வேறு. குளிர்பதனத்துக்குப் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன் வாயுக்கள் எதனோடும் எளிதில் வினைபுரியாதவை. மழையும் அவற்றைக் கழுவாது. உலகில் எங்கே கசிந்தாலும் காற்றோடு கலந்து, பெரும்பாலும் வெப்பமண்டலத்தில் சுமார் 17 கி.மீ. உயரத்தைக் கடந்தே அடுக்கு மண்டலத்துள் நுழைகின்றன. அங்கே புற ஊதாக் கதிர் அவற்றை உடைத்துக் குளோரினை விடுவிக்கிறது. 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தது இதைத்தான். துருவக் குளிர்காலத்தில், மைனஸ் 78 செல்சியஸ் பாகைக்குக் கீழே உருவாகும் மேகத் துகள்களின் மேல் அந்தக் குளோரின் வீரியம் பெறுகிறது. வசந்த வெயில் பட்டதும் ஓசோனைத் தின்கிறது. ஃபார்மனின் ஆய்வுக் குழு 1985இல் அறிவித்த ஓட்டை அப்படி வந்தது. துருவத்துக்குப் போகும் சரக்கின் வாசல் நம் தலைக்கு மேலே இருக்கிறது.

சரக்கிலும் நமக்குப் பங்கு இருந்தது. இந்தியாவில் இந்த வாயுக்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஆலை, காவிரியின் மேல்பக்கம் மேட்டூரில் இயங்கியது. இந்த வாயுக்கள் வெப்பத்தையும் பிடித்துவைக்கும் என்று 1975இல் காட்டிய விஞ்ஞானி வி. ராமநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர். ஆராய்ச்சிக்கு வருமுன் செகந்திராபாத்தில் குளிர்பதன வாயுக் கசிவோடு மல்லாடியவர். ஓசோன் சிதைப்பான்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 1992இல் சேர்ந்த இந்தியா, 2010 வரை அவகாசம் இருந்தும், 2008 ஆகஸ்டிலேயே குளோரோபுளூரோகார்பன் உற்பத்தியை நிறுத்தியது. பாராட்டத்தக்க முடிவுதான். ஆனால் பழைய ஃபிரிட்ஜ்களின் நுரைக்காப்பில் அடைபட்ட வாயு இன்னும் இருக்கிறது. காயலான் கடையில் செம்புக்காகக் குழாயை வெட்டும்போது ஓசோனைச் சிதைக்கும் ஏசியின் ஆர்-22 வாயுவும் காற்றில் போகிறது. கேஸ் ஏற்றும் மெக்கானிக்கிடம் பழைய வாயுவை உறிஞ்சி எடுக்கும் கருவி இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

இனி அதிகம் கவலைப்பட வேண்டியது உரத்தைப் பற்றி. மனிதச் செயல்களால் வெளியேறும் ஓசோன் சிதைப்பான்களில் நைட்ரஸ் ஆக்சைடே இன்று முதன்மையானது என்று விஞ்ஞானி ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் 2009இல் காட்டினார்கள். யூரியா இட்ட மண் ஒருமுறை ஈரமாகவும் மறுமுறை காற்றோட்டமாகவும் மாறும்போது இது அதிகம் வெளிவருகிறது. கொள்ளிடக்கரை வாழைக்கொல்லைகளில் நடப்பது அதுவே. மீத்தேனைக் குறைக்க நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையிலும், மேலுரத்தை அளந்து இடாவிட்டால் இந்த வாயு கூடும். திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காவிரிப் படுகை வாழையில் யூரியாவின் எத்தனை பங்கு இப்படி வானேறுகிறது என்பதைத் தொடர்ந்து அளக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் பொருள்களின் பட்டியலில் நைட்ரஸ் ஆக்சைடு இன்றுவரை சேர்க்கப்படவில்லை.