அருவியாறும் அழுக்குநீரும்



மன்னார்த் தீவில் ஆறு இல்லை. தோட்டவெளியிலும் அயலூர்களிலும் வாழும் நாங்கள் மணலில் ஊறும் கிணற்று நீரையே தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தவர்கள். எனினும் எங்கள் மாவட்டத்துக்கு ஓர் ஆறு உண்டு. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவியாறு என்றும் வழங்கும் அந்நதி, 164 கிலோமீற்றர் நீளமுடையது. அனுராதபுரத்தைக் கடந்து வந்து, கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டி, மன்னார்க் கடலிற் கலக்கின்றது. மேலேயுள்ள நகரம் ஆற்றில் எதை விடுகின்றதோ, அதையே கீழேயுள்ள உழவன் வயலுக்குப் பாய்ச்சுகின்றான். கழிவுநீரைத் தூய்மை செய்யும் கலையின் வரலாறு இவ்வுண்மையைச் சுற்றியே அமைந்தது.

அக்கலையின் பழைய சான்றொன்று இவ்வாற்றங்கரை நகரத்திலேயே கிடைக்கின்றது. அனுராதபுரத்தின் மேற்கு விகாரைகளில், ஏறத்தாழக் கி. பி. 8 முதல் 10 ஆம் நூற்றாண்டு வரையான காலத்துச் சிறுநீர்க் கற்களை இன்றுங் காணலாம். அவற்றின் கீழே மட்பாண்டங்களை அடுக்கி, மணல், கரி, சுண்ணாம்பு ஆகியவற்றை இட்டு, கழிவை வடியவிட்டே நிலத்திற் சேர்த்தனர் என்பர் தொல்பொருளாய்வாளர். நிலத்தடி நீர் பிறருக்கும் உரியது என்ற எண்ணம் அதிற் புலப்படுகின்றதன்றோ?

மாநகர்கள் பெருகிய காலத்தில் அவ்வெண்ணம் மங்கிற்று. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் இலண்டன் பாராளுமன்றத்தையே கலக்கியது. யோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளர் பெருங் கால்வாய்களை அமைத்து, நகரத்தின் அழுக்கைக் கிழக்கே கொண்டு சென்று ஆற்றில் விட்டார். நகரம் பிழைத்தது, ஆறு பிழைக்கவில்லை. 1878 இல் 'பிரின்சஸ் அலிஸ்' என்னும் பயணக் கப்பல், அக்கழிவு வெளியேறும் இடத்துக்கு அண்மையில் மோதுண்டு மூழ்கியது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் அந்த நஞ்சு நீரில் மாண்டனர். அழுக்கை இடம் மாற்றுவது வேறு, தூய்மையாக்குவது வேறு என்பதை உலகம் இவ்வாறே கற்றது.

மெய்யான விடை 1914 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிற் பிறந்தது. ஆர்டன், லொக்கெற் என்னும் இரு இரசாயன அறிஞர், கழிவுநீரினுட் காற்றைச் செலுத்தி, அடியிற் படியும் சேற்றை வீசாது மீண்டும் புதிய கழிவுநீருடன் கலந்தனர். அச்சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் பிராணவாயுவைப் பெற்றுப் பெருகி, அழுக்கை உணவாக உண்டு தீர்த்தன. சுத்திகரிக்காத கழிவு ஆற்றில் விழுந்தால் இதே செயல் ஆற்றினுள் நிகழும். அப்போது ஆற்றின் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும். ஆற்றில் நிகழ இருப்பதைத் தொட்டிக்குள் முன்னதாகவே நிகழ்த்தி முடிப்பதே சுத்திகரிப்பு நிலையத்தின் பணி. நம் நாட்டில், கண்டி நகரின் கழிவுநீர் மகாவலியைச் சேருமுன் தூய்மை பெறுவதற்கென்று கன்னொறுவையில் இத்தகைய நிலையமொன்று எழுந்துள்ளது.

நிலத்தடிக் குழாய்கள் இல்லாத சிற்றூர் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். கர்நாடகத்தின் தேவனஹள்ளி 2015 இலும், தமிழ்நாட்டின் கருங்குழி 2017 இலும் அதற்கு வழி காட்டின. மலக்குழிகளிலிருந்து வண்டிகள் அள்ளி வரும் கழிவை அங்கே மணற் படுக்கைகளில் வடித்து உலர்த்துகின்றனர். தேவனஹள்ளி நிலையம் நாளொன்றுக்கு 6,000 லீற்றருக்காக அமைக்கப்பட்டது. உலர்ந்த சேறு அங்கே குப்பையுடன் சேர்ந்து எருவாகின்றது. பெருஞ் செலவின்றிச் சிறு நகரமும் தன் நீர்நிலையைக் காக்கலாம் என்பதற்கு இவை சான்று.

எங்கள் தீவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மணலின் கீழே உவர்நீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே எங்கள் ஆறு. கிணற்றையும் மலக்குழியையும் பிரிப்பது சில பாக மணல் மாத்திரமே. குழி நிறைந்ததும் பவுசரை அழைக்கின்றோம். அது புறப்பட்டதும் படலையைச் சாத்திக்கொள்கின்றோம். அவ்வண்டி எங்கே போய்த் தன் சுமையை இறக்குகின்றது என்று கேட்கும் ஊரே தன் நீரைக் காக்கும் ஊர். சபைக் கூட்டங்களில் அவ்வினாவை எழுப்புவது எங்கள் கடமை.