கம்பி வழி வந்த செய்தி



செய்தி என்பது நெடுங்காலம் மனிதனுடைய காலோடு கட்டுண்டு கிடந்தது. ஓலையில் எழுதினாலும், தோலில் எழுதினாலும், தாளில் எழுதினாலும் அதனை ஒருவன் சுமந்து செல்ல வேண்டும். அவன் நடந்தால் செய்தியும் நடக்கும். அவன் குதிரை ஏறினால் செய்தியும் குதிரை ஏறும். அவன் ஆற்று வெள்ளத்தில் தடைப்பட்டு நின்றால் செய்தியும் அக்கரை நோக்கிக் காத்து நிற்கும். பாரசீகப் பேரரசன் தாரயவுஷ், சார்திஸ் நகரிலிருந்து சூசா நகர்வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவழியில் இடைவிட்டு இடைவிட்டுக் குதிரைகளையும் வீரர்களையும் நிறுத்தியிருந்தான். வழிப்போக்கன் ஏறத்தாழ மூன்று மாதம் நடக்க வேண்டிய அவ்வழியை அரசனுடைய ஓலை சில நாட்களிலேயே கடந்தது. ஆயினும் குதிரையினும் விரைவாகச் செல்ல அந்த ஓலையால் இயலவில்லை.

மலையுச்சியில் தீ மூட்டியும், முரசறைந்தும் செய்தி தெரிவித்தவர்கள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால், தீ சொல்லக்கூடியது முன்னரே பேசி வைத்த ஒரு செய்தியை மட்டுமே. பகைவன் வந்தான் என்று அது கூறும். எத்தனை பேர் வந்தனர், எவ்வழி வந்தனர் என்று கூறாது. பிரான்சு நாட்டில் குளோத் சாப் என்பவர் இக்குறையை ஓரளவு போக்கினார். கோபுரங்களின்மேல் அசையும் மரக்கைகளை அமைத்து, அவற்றின் நிலைகளைக் குறிகளாகக் கொண்டு, 1794ஆம் ஆண்டில் பாரிசு நகருக்கும் லீல் நகருக்கும் இடையே செய்தி அனுப்பும் வழியை ஏற்படுத்தினார். ஒரு கோபுரத்தின் குறியை அடுத்த கோபுரத்திலுள்ளவர் தொலைநோக்கியால் பார்த்துத் தாமும் காட்டுவார். எனினும் இரவு வந்தாலும், மூடுபனி படர்ந்தாலும் அக்கைகள் ஊமையாகிவிடும்.

இந்த நிலையை மாற்றியது மின்சாரம். இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டில் குக், வீட்ஸ்டன் என்னும் இருவர் மின்தந்திக் கருவிக்கு உரிமை பெற்றனர். அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ் 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வாசிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் பாடநூல்கள் கூறும். இவற்றின் இடைக்காலத்தில், 1839ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் நடந்த ஒரு சோதனையைப் பலரும் அறியார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் வில்லியம் ஓ'சானசி என்னும் அயர்லாந்து மருத்துவர். அவர் கல்கத்தாவை அடுத்த தாவரத் தோட்டத்தில் மூங்கில்களை நட்டு, அவற்றினிடையே கம்பியை முன்னும் பின்னுமாக இருபது மைல் அளவுக்கு இழுத்துக் கட்டினார். ஹூக்ளி ஆற்று நீருக்குள்ளும் ஒரு பகுதியைச் செலுத்தினார். செய்தியைப் பெறுபவர் கம்பியின் முனைகளை விரலால் தொட்டு, மின்னதிர்ச்சியை உணர்ந்தே குறியை அறிந்தார். இவ்வளவு எளிய ஏற்பாட்டிலேயே செய்தி கம்பி வழி செல்லும் என்பது உறுதியாயிற்று. ஆனால், அரசினர் அதனைக் கைக்கொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

1851ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து டயமண்டு துறைமுகம்வரை தந்தி வழி திறக்கப்பட்டது. மெல்லிய கம்பியைப் பறவைகளும் குரங்குகளும் புயலும் அறுத்துவிடும் என்று கருதிய ஓ'சானசி, தடித்த இரும்புக் கோல்களையே கம்பியாகப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டில் பர்மியப் போரில் இரங்கூன் வீழ்ந்த செய்தி கப்பலில் ஆற்றுமுகம் வந்து, அங்கிருந்து தந்தி வழியாகக் கல்கத்தாவை அடைந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி தந்தியின் பயனை நன்கு உணர்ந்துகொண்டார். 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவும் ஆக்ராவும் இணைந்தன. 1855ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் பம்பாய் வழியாகச் சென்னைக்கும் கம்பி வந்து சேர்ந்தது. 1856ஆம் ஆண்டளவில் நாட்டில் ஏறத்தாழ 4,000 மைல் நீளத்திற்குத் தந்தி வழிகள் இருந்தன.

இப்பணியில் ஓ'சானசியின் வலக்கையாக நின்றவர் சிபச்சந்திர நந்தி என்னும் வங்காளியார். பத்மா ஆற்றின் அடியில் கம்பி வடம் இட வேண்டிய பொழுது, நீராவிக் கப்பல் வாடகைக்கு அமர்த்தப் பொருள் போதாமையால் மீன்பிடி படகுகளைக் கொண்டே அதனை முடித்தார். கம்பங்களுக்குப் பனைமரங்களையும் பயன்படுத்தினார். நம் முன்னோர் பனையோலையில் செய்தி எழுதினர்; இவரோ பனைமரத்தின்மேலேயே செய்தியை ஓடவிட்டார்!

இங்கே ஒரு வினாவை எழுப்ப வேண்டும். இத்துணை விரைவாக ஓடிய செய்தி யாருக்காக ஓடியது?

1857ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தில்லிக்கும் மீரட்டுக்கும் இடையே கம்பி அறுபட்டது. மறுநாள் காலை, கம்பியைப் பார்வையிடச் சென்ற தில்லித் தந்தி அலுவலர் கொல்லப்பட்டார். அலுவலகத்திலிருந்த இளைஞர் இருவர் நிகழ்ந்ததை அம்பாலாவுக்குத் தந்தியில் அறிவித்துவிட்டு வெளியேறினர். அச்செய்தி அங்கிருந்து லாகூரை எட்டியது. மே 13ஆம் நாள் காலை லாகூரிலிருந்த சிப்பாய்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. தில்லியில் நிகழ்ந்தது சிப்பாய்களுக்கு எட்டு முன் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எட்டிவிட்டது. கிளர்ச்சி செய்தோரும் கம்பியின் வலிமையை அறியாதவர் அல்லர்; ஆதலின் பல இடங்களில் அதனை அறுத்தெறிந்தனர். ஆயினும், அறுக்க முடிந்ததேயன்றி அதில் பேச அவர்களால் முடியவில்லை. அன்று தில்லிச் செய்தி கடல் கடந்து இலண்டன் சேர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆயிற்று. 1870ஆம் ஆண்டில் கடலடி வடம் பம்பாயை அடைந்த பின்னர், அதே தொலைவைச் செய்தி சில மணி நேரத்தில் கடக்கலாயிற்று.

இனி, 1919ஆம் ஆண்டைப் பாருங்கள். ஏப்ரல் 13ஆம் நாள் அமிருதசரசில், ஜாலியன்வாலாபாகில், கூடியிருந்த மக்கள்மீது படையினர் சுட்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்பொழுது நாடெங்கும் தந்திக் கம்பி இருந்தது. ஆனால், பஞ்சாபில் படையாட்சி நிலவியது. செய்திகள் தணிக்கை செய்யப்பட்டன. ஆதலின் முழு விவரமும் இரவீந்திரநாத தாகூருக்கு எட்டப் பல வாரங்கள் ஆயின. அவர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்து அரசப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதியது மே மாத இறுதியில்தான். 1857இல் இரண்டு நாளில் பஞ்சாபை எட்டிய செய்தி, 1919இல் பஞ்சாபைவிட்டு வெளிவர வாரக்கணக்கில் தவித்தது. கம்பியில் மின்சாரம் மெதுவாக ஓடவில்லை. கம்பியின் முனை யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு. கருவியின் வேகம் ஒன்று. அதனை ஆள்வோரின் விருப்பம் மற்றொன்று.

நம் ஊர்ப்புறங்களில் தந்தி நுழைந்த விதமும் எண்ணத்தக்கது. வீணை நரம்பைக் குறித்த 'தந்தி' என்னும் சொல், கம்பி வழி வரும் செய்திக்கும் பெயராயிற்று. 1942ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய ஒரு நாளிதழ் அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி, இன்றளவும் வெளிவருகிறது. சிற்றூரில் தந்திச் சேவகர் ஒரு வீட்டின் முன் நின்றாலே உள்ளே அழுகுரல் எழும். சாவுச் செய்தியே தந்தியில் வரும் என்பது மக்களின் பட்டறிவு. ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரையோ அஞ்சலகத்தாரையோ தேடி ஓடுவார்கள். அவர் படித்துச் சொன்ன பிறகுதான், மகனுக்கு வேலை கிடைத்த நற்செய்தி அது என்று தெளியும். செய்தி பல நூறு மைல்களை நொடியில் கடந்து வந்தது; எழுத்தறிவின்மை என்னும் ஒரு முழத் தொலைவைக் கடக்க அதற்கு மற்றொருவர் துணை வேண்டியிருந்தது.

2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் இரவோடு நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றது. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அன்று அரசாள்வோர் கையில் மட்டும் இருந்த கம்பியின் முனை, இன்று உங்கள் கையில் இருக்கிறது. இஃது எளிதில் கிடைத்த பேறன்று என்பதை மறவாதீர்கள்.

பழங்காலத் தூதுவன் செய்தி கொணர்ந்தால், அவனை எதிரில் நிறுத்தி, நீ நேரில் கண்டாயா, யார் சொல்லக் கேட்டாய் என்று வினவலாம். கம்பி வழி வந்த செய்திக்கு அவ்வாறு வினவ முகம் இல்லை. ஆதலின் தந்தி அலுவலர்கள் ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டிருந்தனர். எண்களும் முக்கியமான சொற்களும் வந்தால், பெற்றவர் அவற்றை அனுப்பியவருக்கே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார். அதற்குச் சிறிது காலம் செலவாகும். ஆனால், பிழை ஊரெங்கும் பரவாது. கருவி மறைந்துவிட்டது. அந்த வழக்கத்தை மறையவிடாமல் காப்பது, செய்தியைப் பெறவும் பிறர்க்கு விடுக்கவும் வல்லவராகிய உங்கள் கடமை.